வெலிங்டனில் ஒரு தேநீர்க்கடையும் திமிங்கிலங்களின் செவியும்

குன்னூரிலிருந்து வெலிங்டன் செல்லும் சாலையில், ஒரு வளைவை ஒட்டி, மூன்று பெஞ்சுகளுக்குமேல் இடமில்லாத ஒரு தேநீர்க்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. கடற்படைக் கப்பலில் பல ஆண்டுகள் சோனார் (நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியால் பொருட்களைக் கண்டறியும்) கருவியின் முன் அமர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் சிற்றூர்) ஒன்றைச் சேர்ந்தவர், அதை நடத்துவதால் அக்கம்பக்கத்தார் 'நேவிக்காரர் கடை' என்கிறார்கள். முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி 1948 முதல் இயங்கிவரும் ஊரில் முன்னாள் படைவீரர் ஒருவர் கடை வைத்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் கடலே கண்ணில் படாத 6,000 அடி உயரத்தில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி, கடற்படைச் சோனாரால் திமிங்கிலங்களுக்கு நேரும் கேட்டைப் பற்றிக் கவலையோடு பேசுகிறார்கள் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. நான்கு ஞாயிறுகள் தொடர்ந்து சென்ற பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் தேநீர். டஸ்ட் தூளோடு சிறிது இலைத்தேயிலையையும் கலந்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, பால் அளவாகச் சேர்த்துத் தருகிறார். 15 ரூபாய்க்கு இந்த மலையில் இதைவிட நல்ல டீ நான் குடித்ததில்லை. சுற்றுலாப் பயணிகளுக்கென்று கண்ணாடிக் கதவு வைத்த கடைகளில் ஐந்து மடங்கு விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெந்நீரும் அலங்காரமும்தான். வர்க்கி காலையில் வந்திறங்கும்போது மொறுமொறுப்பாக இருக்கிறது. மூடுபனி இறங்கிவிட்டால் மாலைக்குள் நமத்துப்போகிறது. மிளகாய் பஜ்ஜியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி அந்தப் பேச்சு. அதைத் தொடங்கி வைத்தவர், தூத்துக்குடி மாவட்டத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஓய்வு பெற்ற ஆசிரியை. 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கு அருகே மணப்பாடு, கல்லாமொழிக் கரைகளில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதையும், மீனவர்கள் அவற்றைக் கடலுக்குள் இழுத்துவிட இழுத்துவிட அவை மீண்டும் கரைக்கே திரும்பியதையும் அவர் சொன்னபோது, கடையில் தம்ளர் வைக்கும் ஓசைகூட இல்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடனே, "அதுவும் சோனாராலதானே மாமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர் அவசரப்படவில்லை. அதே மணப்பாட்டில் 1973இலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியிருக்கின்றன என்றும், பைலட் திமிங்கிலங்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதவையாதலால் ஒன்று தடம் மாறினால் மற்றவையும் உடன் வந்துவிடும் என்றும், அந்த இரு நிகழ்ச்சிகளிலும் சோனாரே காரணம் என்று எவரும் நிறுவவில்லை என்றும் விளக்கினார். "நிரூபிச்சதை மட்டும் பேசலாம் பாப்பா, அதுவே போதுமான அளவுக்கு இருக்கு" என்றார். இந்தக் கடையை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

நிரூபிக்கப்பட்டவை என்று அவர் எடுத்து வைத்தவை உண்மையிலேயே கனமானவை. 2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் 36 மணி நேரத்திற்குள் 17 திமிங்கிலங்களும் டால்பின்களும் கரையொதுங்கின. பெரும்பாலானவை, பறவையின் அலகுபோல் முகம் நீண்ட, ஆழ்கடலில் வாழும் அலகுத் திமிங்கிலங்கள். இறந்தவற்றின் காதுகளைச் சுற்றி இரத்தக் கசிவு காணப்பட்டது. அப்பகுதியைக் கடந்த தன் கப்பல்களின் நடு அதிர்வெண் சோனாரே இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி என்பதை, அமெரிக்கக் கடற்படையே அந்நாட்டு மீன்வளத் துறையோடு சேர்ந்து 2001 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 2002 செப்டம்பரில் கேனரித் தீவுகளுக்கு அருகே பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி நடந்தபோது 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவற்றை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் உறுப்புகளிலும் இரத்தக் குழாய்களிலும் வாயுக் குமிழிகளின் தடயங்களைக் கண்டார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் முக்குளிப்பவர்களுக்கு நேரும் அதே நோய். மூச்சடக்கி மூன்று மணி நேரத்திற்கு மேல் மூழ்கியிருந்ததாகப் பதிவான, 2,900 மீட்டருக்கும் கீழே சென்று மீண்ட ஓர் உயிரினத்திற்கு அந்நோய் வருகிறது என்றால், அது தன் இயல்பான ஏற்ற இறக்கத்தை மறந்து நடந்துகொண்டிருக்கிறது என்பது பொருள்.

இந்த இடத்தில் மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் ஓட்டுநர் ஒருவர் குறுக்கிட்டார். பர்லியாறு தாண்டி மூடுபனியில் வரும்போது கண் எதற்கும் உதவாது, வளைவுக்கு வளைவு ஹாரனையும் எதிர் ஹாரனையும் நம்பித்தான் வண்டி ஓடும். அந்த நேரத்தில் வெளியூர் வண்டிக்காரன் ஏர்ஹாரனை அலறவிட்டால் சாலையோரம் நிற்கும் காட்டெருமை மிரண்டு சரிவில் பாயும். ஹாரன் அதை அடிப்பதில்லை, அது தானே போய் விழுந்து அடிபடுகிறது என்றார். கடைக்காரர் கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, நான் இத்தனை நாளாச் சொல்ல வந்தது இதுதான்" என்றார். சில நூறு மீட்டருக்குக் கீழே கடலில் வெளிச்சம் கிடையாது. அங்கே இரை தேடுவதும் வழி அறிவதும் துணையை அழைப்பதும் ஒலியால்தான், அந்த ஒலியும் காற்றில் செல்வதைவிட நாலரை மடங்கு வேகமாகச் செல்கிறது. அலகுத் திமிங்கிலங்கள் சோனாரைக் கேட்டு, கொலைகாரத் திமிங்கிலம் துரத்துவதுபோல் மிரண்டு ஓடுகின்றன என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஓட்டுநர் சொன்ன காட்டெருமையைவிடத் தெளிவாக இதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

கூட்டத்தில் ஓர் இளைஞர், கப்பல் சோனாரின் ஒலி 235 டெசிபெல், ஜெட் விமானத்தையே மிஞ்சியது என்று கைப்பேசியைப் பார்த்து வாசித்தார். நீரில் அளக்கும் டெசிபெல்லுக்கும் காற்றில் அளக்கும் டெசிபெல்லுக்கும் அடிப்படை வேறு என்பதால், ஒப்பிடும்போது சுமார் 62ஐக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் திருத்தினார். கழித்த பிறகும் அது பேரொலிதான் என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

கடற்படையை இங்கே யாரும் வில்லனாக்குவதில்லை. ஆக்கவும் அவர் விடமாட்டார். 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்றின் தாக்குதலில் இந்தியப் போர்க்கப்பல் 'ஐஎன்எஸ் குக்ரி' மூழ்கி, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டதைச் சொல்லிவிட்டு, மின்கலத்தில் ஓடும் நீர்மூழ்கியைக் காதுகொடுத்துக் கேட்பதால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார். அப்படியானால் வழி என்ன என்று ஆசிரியை விடாமல் கேட்டார். கேனரித் தீவுகளைச் சுற்றி 50 கடல்மைலுக்குள் சோனார் பயிற்சி கூடாது என்று ஸ்பெயின் 2004இல் தடை விதித்த பிறகு அங்கே அத்தகைய கூட்டக் கரையொதுக்கம் நேரவில்லை என்பதே அவர் விடை. போரில் அல்ல, பயிற்சியில்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும் என்ற அவர் வாதத்தை நான் ஏற்கிறேன். 2008இல், கலிபோர்னியக் கடலில் சோனார் பயிற்சியைக் கட்டுப்படுத்தக் கோரிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடற்படையின் பக்கமே நின்றது என்பதை ஆசிரியை நினைவூட்டியபோது, அவர் மறுக்கவும் இல்லை, மகிழவும் இல்லை.

கடையில் எனக்கு ஒரு குறை உண்டு. பஜ்ஜிக்கான சட்னியைப் பேச்சு சூடுபிடிக்கும் வேளையில்தான் மிக்சியில் அரைக்கிறார்கள். அது ஓடத் தொடங்கியதும் எல்லோரும் பாதிச் சொல்லோடு நிறுத்துகிறார்கள். நின்ற பிறகும், விட்ட இடத்தைப் பிடிக்கச் சற்று நேரமாகிறது. மூன்றாம் ஞாயிறு இதை நான் முறையிட்டபோது, பஹாமாஸில் கடலடி ஒலிவாங்கிகளை வைத்துக் கேட்ட ஆய்வில், சோனார் ஒலித்ததும் அலகுத் திமிங்கிலங்கள் இரை தேடும் 'கிளிக்' ஒலியை நிறுத்திவிட்டு விலகிச் சென்றன என்றும், இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகே அவ்விடத்திற்குத் திரும்பின என்றும் கடைக்காரர் சொன்னார். சாவும் கரையொதுக்கமும் செய்தியாகின்றன. இப்படிப் பட்டினி கிடந்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை என்று ஆசிரியை வருந்தினார். நான்காம் ஞாயிறு சட்னி முன்கூட்டியே அரைக்கப்பட்டிருந்தது.

வெறும் டீ குடிக்க வருவோருக்கும் இந்தக் கடை ஏற்றதே. பேச்சில் கலந்துகொள்ளும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. கார் நிறுத்த இடமில்லை, பேருந்தில் வருவது நல்லது. நாலு மணிக்கு முன் வந்தால் சன்னலோர பெஞ்சு கிடைக்கும். ஐந்தரைக்கு மேல் பஜ்ஜி இருக்காது.