வாசத்துக்கு முழுப் புள்ளி, பூச்சிகளுக்குப் பாதி

திருகோணமலை நகருக்கு வெளியே, வீட்டுவளவோடு சேர்த்து நடத்தப்படும் பூங்கன்றுக் கடையொன்றில் நாம் வாங்கிய கன்றுகள் ஒரு கோடையையும் ஒரு மாரியையும் கடந்துவிட்டதால், அவற்றைப் பற்றி இனி நிதானமாக எழுதலாம். வாசனைப் பூக்களையும் அவற்றைத் தேடி வரும் பூச்சிகளையும் ஒருசேர விரும்புகிறவருக்கு அந்தக் கடை எவ்வளவு உதவும் என்பதையே இங்கு பார்க்கிறேன்.

கன்றுகளின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. மணலோடு தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்து வளர்த்திருப்பதால், பொலித்தீன் பையைக் கிழித்தபோது வேர்கள் சுருண்டு இறுகாமல் இருந்தன. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்றில் இலையோரம் கருகும் எமது மணல் நிலத்திலும் பவளமல்லிகையும் நந்தியாவட்டையும் பிழைத்துக்கொண்டன. செண்பகம் கேட்டபோது, "கடலுக்குக் கிட்ட என்றால் வேண்டாம் ஐயா, உப்புக்காற்றுக்கு நிற்காது" என்று உரிமையாளர் மறித்ததை, விற்பனையை விட்டுக்கொடுத்த நேர்மையாகவே கொள்கிறேன்.

பவளமல்லிகை இருட்டிய பின் விரிந்து, விடியும்போது செம்மஞ்சள் காம்போடு நிலத்தில் உதிர்ந்து கிடக்கிறது. இரவு ராணியைப் படுக்கையறை யன்னலுக்கு அருகில் நட வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். அதன் வாசம் சிலருக்குத் தலையிடி தரும் என்பதால் அது நல்ல அறிவுரை.

பூச்சிகள் விடயத்தில்தான் கடை சறுக்குகிறது. அங்குள்ள மல்லிகையில் பெரும்பங்கு அடுக்கு வகை. மாலை கட்டவும் பூசைக்கும் அது நன்று. ஆனால் மகரந்தம் தாங்கும் கேசரங்கள் இதழ்களாக மாறிய அடுக்குப் பூக்களில் தேனீக்களுக்குக் கிடைப்பது குறைவு, ஆகவே ஒற்றை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, எந்தக் கன்றை எடுத்தாலும் கூடவே ஒரு போத்தல் பூச்சிமருந்தையும் நீட்டுவது. நந்தியாவட்டையில் இலை தின்னும் பச்சைப் புழுவைப் பற்றிக் கேட்டதற்கும் அதே போத்தல்தான் பதிலாக வந்தது. விரல் பருமனில், தலைக்குப் பின்னே நீலக் கண்போன்ற இரு புள்ளிகளும் வாலில் சிறு கொம்பும் கொண்ட அந்தப் புழுதான், பின்னர் பச்சைநிறப் பெரிய அந்துப்பூச்சியாகி, அந்தரத்தில் நின்றபடியே இரவுப் பூக்களில் தேன் உறிஞ்சும். சில இலைகள் போனால் செடி மீண்டும் துளிர்க்கும். மருந்து அடித்தால் புழுவோடு தேனீயும் சாகும்.

தேசிக்கன்றுக்கும் இதே கதைதான். கடையில் "நோய்" என்று காட்டப்பட்டது, பறவை எச்சம் போலத் தோன்றும் வண்ணத்துப்பூச்சிக் குஞ்சுப்புழு. வளர்ந்து பச்சையான பின் அதை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் நிறக் கவர்க்கொம்பொன்றை நீட்டி, மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையை விடும். வாசனைத் தோட்டத்தில் இதுவும் ஒரு வாசனை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்!

விலை நியாயமானது. ஆனால் கன்றுகளில் பெயர்ச்சீட்டு ஒட்டாததால், பூவில்லாத கன்றை உரிமையாளர் நிற்கும் நேரத்தில் மட்டும் வாங்குங்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு போனால் தெரிவு அதிகம், நட்டபின் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறைவு. போத்தலை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.