ஓசூருக்கு எது பொருந்தும்: கேமராவா, காவல் நண்பரா, தெருக் காவலரா?

ஓசூரின் சின்ன எலசகிரியில் பத்து அறைகள் கொண்ட ஒரு லைன் வீட்டின் பொதுக் குழாயடியில் விடிகாலை ஐந்து மணிக்கு நின்றால் நான்கு மொழிகள் காதில் விழும். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் ஒடிசா இளைஞர்கள் ஒரு பக்கம், பேரிகைப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தெலுங்குக் குடும்பம் ஒரு பக்கம், அரூரிலிருந்து வேலைக்கு வந்த இரண்டு பெண்கள், அவர்களிடம் தண்ணீர்க் கணக்கைக் கன்னடம் கலந்த தமிழில் கேட்கும் வீட்டுக்காரம்மா. கம்பெனிப் பேருந்து வந்து போன பிறகு அந்த வரிசையில் ஏழு கதவுகளில் பூட்டுத் தொங்கும். எந்தக் கதவு எந்த நேரத்தில் பூட்டியிருக்கும் என்பதைத் திருட வருபவன் இரண்டே நாள்களில் தெரிந்துகொள்கிறான். காவல் நிலையத்துக்கு அது தெரிவதில்லை. ஓசூருக்கு எந்த வகைக் காவல் பொருந்தும் என்ற கேள்வியை நான் இந்தக் குழாயடியிலிருந்துதான் பார்க்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊர் வேலை தேடி வருவோரால் வளர்ந்த ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் இங்கே தலைமுறைகளாகப் பேசப்பட்டவை, இந்தியும் ஒடியாவும் பின்னால் சேர்ந்தவை. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். தங்கச் சங்கிலியைப் பறித்துக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறுபவன் அரை மணி நேரத்துக்குள் வேறொரு மாநிலக் காவல்துறையின் எல்லைக்குள் போய்விடுகிறான். குட்கா அங்கிருந்து இங்கே வருகிறது, ரேஷன் அரிசி இங்கிருந்து அங்கே போகிறது. பூட்டிய வீடுகளை உடைத்தல், இருசக்கர வாகனத் திருட்டு, அண்மை ஆண்டுகளில் இணையவழிப் பண மோசடி ஆகியவைதான் இங்கே சாதாரண மக்களை அடிக்கடி தொடும் குற்றங்கள்.

இவற்றைத் தடுக்க என்ன செய்யலாம் என்று வணிகர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் பேசும்போது மூன்று வழிகள் திரும்பத் திரும்ப முன்வைக்கப்படுகின்றன: தெருவெங்கும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது, உள்ளூர் இளைஞர்களைத் தன்னார்வலர்களாகக் காவல்துறையோடு சேர்ப்பது, ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான ஒரு காவலரை நியமிப்பது. மூன்றும் தமிழ்நாட்டில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டவை. கையில் இருக்கும் பணமும் ஆளும் குறைவு என்பதால் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்தாக வேண்டும். மூன்றாவதற்கே முதலிடம் என்பது என் கருத்து.

கேமராவுக்காகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. 2021 ஜனவரியில் பாகலூர் சாலையில் ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்துக்குள் பட்டப்பகலில் துப்பாக்கியோடு புகுந்த கும்பல் ஏறத்தாழ 25 கிலோ நகைகளை அள்ளிச் சென்றது. மறுநாளே ஐதராபாத் அருகில் அக்கும்பல் பிடிபட்டது. நகைப் பையில் இருந்த ஜிபிஎஸ் கருவியும் சாலையோரக் கேமராப் பதிவுகளும் இல்லாதிருந்தால், மூன்று மாநிலங்களைக் கடந்த அந்தத் துரத்தல் நடந்திருக்காது. எல்லை ஊருக்கு, குறிப்பாக வாகன எண்ணைப் படிக்கும் வகைக் கேமராக்கள், இன்றியமையாதவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் நெடுஞ்சாலைக்குப் பொருந்துவது சந்துக்குப் பொருந்துவதில்லை. ராயக்கோட்டை சாலையில் ஒரு கடை வாசலில் நிறுத்தியிருந்த என் இருசக்கர வாகனம் காணாமல் போனபோது, அந்த வரிசையில் ஆறு கேமராக்கள் இருப்பதை எண்ணிப் பார்த்து ஆறுதல் அடைந்தேன். இரண்டில் இணைப்பே இல்லை. ஒன்று கல்லாவை நோக்கித் திரும்பியிருந்தது. ஒன்றில் வாகன முகப்பு விளக்குகளின் வெளிச்சம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஐந்தாவது, எதிர்ச்சாரியில் வெகு தொலைவில் இருந்ததால் ஆளை அடையாளம் காண உதவவில்லை. ஆறாவது கேமராவின் கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் நான் புகார் மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, காவலர் ஒருவர் என்னோடு வந்து கேட்பதற்குள் ஒன்பது நாள்கள் ஆகிவிட்டன, அவருடைய ஹார்டு டிஸ்க் ஏழு நாள் பதிவை மட்டுமே வைத்திருந்து பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும் வகை. கேமராவைத் திறந்து வைக்கும் நாளில் வரும் பணம், மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றுவதற்கு வருவதில்லை. பதிவு கிடைத்தாலும், அதை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி உரிய சான்றிதழ் வேண்டும். அதைப் பொறுமையாக எழுதி வாங்குவதற்கும் ஒரு மனிதர்தான் தேவைப்படுகிறார்.

இரண்டாவது வழியை எழுதும்போது கவனமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதன் தொடக்கம் நல்ல நோக்கம் கொண்டது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு, காக்கிச் சட்டையைக் கண்டு ஒதுங்கும் மக்களை நிலையத்துக்குள் அழைத்து வர முயன்றது. பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதையால் தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, அந்த நிலையத்தில் தன்னார்வலர்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் தமிழக அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. ஊர்க்காவல் படைக்குச் சட்டம் உண்டு, பயிற்சியும் சீருடையும் பொறுப்புக் கூறலும் உண்டு. காவல் நண்பருக்கு அடையாள அட்டை மட்டும் இருந்தது. அதிகாரத்தின் நிழலில் நிற்கும் ஒருவருக்கு அதிகாரத்தின் கடமைகள் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சாத்தான்குளத்துக்கு மேல் சான்று வேண்டியதில்லை.

ஓசூருக்கும் இந்த மாவட்டத்துக்கும் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 'உள்ளூர் மக்கள் குழு' என்றால் அதில் யார் உட்காருவார்கள்? சொந்த வீடு உள்ளவர்கள், கடை உள்ளவர்கள், கட்சிக் கிளைப் பொறுப்பாளர்கள், அந்தப் பகுதியில் எண்ணிக்கையில் பெரிய சாதியைச் சேர்ந்தவர்கள். லைன் வீட்டில் எட்டு மாதம் தங்கிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறும் பெண் அதில் இருக்க மாட்டார். ஒடிசா இளைஞர் இருக்க மாட்டார். அவர்கள் குழுவின் உறுப்பினர்களாக இல்லாமல், குழுவால் சந்தேகிக்கப்படுபவர்களாக ஆகிவிடுகிறார்கள். 2018 மே மாதத்தில் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் போளூர் அருகே, குழந்தை கடத்துபவர் என்று தவறாக எண்ணி ஒரு மூதாட்டியை ஊர்க் கூட்டம் அடித்துக் கொன்றது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் தாங்கள் ஊரைக் காவல் காப்பதாகவே நம்பினார்கள். 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டித் தருமபுரியின் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததை இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறக்கவில்லை. சாதி மாறி மணந்துகொண்டவர்கள் தஞ்சம் கேட்டு வரும்போது, பெண்ணின் சித்தப்பாவும் ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்தால் அந்தச் செய்தி எங்கே முதலில் போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய இணைகளுக்குத் தனிப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சக்தி வாஹினி வழக்கில் கட்டளையிட்டது. அதை நிறைவேற்றும் இடத்தில் உறவும் சாதியும் சூழ்ந்த ஒரு குழுவை வைக்கக் கூடாது.

தன்னார்வலர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்திரசூடேசுவரர் தேரோட்டத்தன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த, காணாமல் போன குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்க, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தில் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல அவர்கள் உதவலாம். ரோந்து, வாகனச் சோதனை, விசாரணை ஆகிய மூன்றிலும் அவர்களின் கை படக் கூடாது.

தெருக் காவலர் முறைக்கு வருகிறேன். 1999-இல் திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி, நகரைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட காவலர்களிடம் ஒப்படைத்தார். அந்தக் காவலர்கள் அந்தப் பகுதியிலேயே தொடர்ந்து இருந்து, மக்களின் சில்லறைத் தகராறுகளையும் தெருவிளக்கு, குடிநீர்க் குறைகளையும்கூடக் கேட்டார்கள். கேரளம் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டமும், பீட் காவலர், அதாவது ஒரு ரோந்துப் பகுதிக்குப் பொறுப்பான காவலர், வீடு வீடாகச் சென்று குடும்பங்களை அறிந்திருப்பதை அடிப்படையாகக் கொண்டது. இதில் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரே முகம் மீண்டும் மீண்டும் ஒரே தெருவுக்கு வருவதுதான் இதன் முழு விசை.

நம் ஊரிலும் பீட் என்ற சொல் இருக்கிறது, ரோந்து நோட்டுகளும் இருக்கின்றன. ஏடிஎம் வாசலில் தொங்கும் நோட்டில் இரவு இரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடும் காவலரை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவர் கடமையைத்தான் செய்கிறார். ஆனால் அந்தக் கையெழுத்து அவர் வந்து போனதைக் காட்டுமே தவிர, யாரையாவது அறிந்துகொண்டாரா என்பதைக் காட்டாது. மறுவாரம் அதே நோட்டில் வேறொருவர் கையெழுத்து இருக்கும்.

ஒரே நிகழ்வை மூன்று முறைகளிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. குழாயடி வரிசையில் மூன்றாவது அறையில் ஒரு பெண்ணைக் கணவன் தினமும் அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கேமரா தெருவைப் பார்க்கிறது, அறையைப் பார்ப்பதில்லை. ஊர்க் குழு, 'புருசன் பொண்டாட்டி சமாசாரம்' என்று பேசி அனுப்பிவிடும். வாரம் இருமுறை அந்த வழியாக வரும் பெண் காவலர் ஒருவர் இருந்தால், வீட்டுக்காரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மூணாவது ரூம் பொண்ணக் கொஞ்சம் பாருங்கம்மா" என்று சொல்லிவிட முடியும். புகார் எழுதத் தெரியாத பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். மற்றொன்று: பகுதிநேர வேலை தருவதாக டெலிகிராமில் வந்த செய்தியை நம்பிப் பணம் கட்டிய ஷிப்டுத் தொழிலாளி. 1930-க்கு உடனடியாகச் சொன்னால்தான் பணத்தை வங்கியிலேயே முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம். அவரோ அவமானத்தால் நான்கு நாள் மறைக்கிறார். மாதம் நாலாயிரம் தருகிறேன் என்றவனிடம் தன் வங்கிக் கணக்கையும் சிம் கார்டையும் ஒப்படைத்துவிட்டு, அது மோசடிப் பணம் கைமாறும் கணக்கு என்பதே தெரியாமல் வழக்கில் சிக்கும் இளைஞர்களும் இதே வரிசைகளில்தான் வாழ்கிறார்கள். இவர்களுக்கு முன்கூட்டியே, அவர்களுடைய மொழியில், ஷிப்டு முடியும் நேரத்தில் வந்து சொல்லும் ஒருவர் வேண்டும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, காவல் அதிகாரிகள் பல மாவட்டங்களில் தொழிலாளர்களை நேரில் சந்தித்து இந்தியில் பேசித்தான் அந்த அச்சத்தைத் தணித்தார்கள். அன்று அவசரத்தில் செய்ததை ஆண்டு முழுவதும் செய்வதே தெருக் காவலர் முறை.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. நெருக்கம் மாமூலாக மாறலாம். ஒரே தெருவில் மூன்று ஆண்டு இருக்கும் காவலரைப் பெட்டிக்கடை குட்கா வியாபாரி விலைக்கு வாங்க முயல்வான். குடியிருப்போர் விவரங்களைச் சேகரிப்பது, வெளிமாநிலத்தவரை மட்டும் சந்தேகத்தோடு கணக்கெடுப்பதாகச் சுருங்கிவிடலாம். எல்லாவற்றிலும் பெரிய தடை ஆள் பற்றாக்குறை: முக்கியப் பிரமுகர் வருகை, ஆர்ப்பாட்டம், எருது விடும் விழா என்று ஏதாவது ஒன்று வந்ததும் முதலில் எடுக்கப்படுபவர் இந்தக் காவலர்தான். எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் 2023 பிப்ரவரியில் கோபசந்திரம் அருகே நெடுஞ்சாலையே மறிக்கப்பட்டதைப் பார்த்த எவரும் அந்தத் தேவையை மறுக்க முடியாது. என்றாலும் அத்தகைய நாள்களுக்கு ஆயுதப்படையும் ஊர்க்காவல் படையும் இருக்கின்றன; தெருக் காவலருக்கு மாற்று ஆள் இல்லை.

இன்னொன்றையும் அதிகாரிகள் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த முறை சரியாக நடந்தால் முதல் ஆண்டில் பதிவாகும் குற்றங்களின் எண்ணிக்கை கூடும். இதுவரை சொல்லப்படாத அடி, உதை, மோசடி, சீண்டல் எல்லாம் மனுவாக வரத் தொடங்கும். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளியில் கைப்பேசியைப் பறிகொடுத்தவர் ஓசூரில் புகார் தந்தாலும் பதிய வேண்டும். எண்ணிக்கை ஏறியதற்காக ஆய்வாளரிடம் விளக்கம் கேட்டால், மறுமாதமே அவர் மனுக்களை வாங்காமல் திருப்பி அனுப்பத் தொடங்கிவிடுவார்.

மூக்கண்டப்பள்ளியிலும் சின்ன எலசகிரியிலும் முதலில் தொடங்கலாம். பகுதிக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண், இருவரில் ஒருவருக்காவது தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேச வர வேண்டும், குறைந்தது இரண்டு ஆண்டுக்கு இடமாற்றம் கூடாது. நான் சொன்ன லைன் வீட்டின் குழாயடித் தூணில் ஒரு கைப்பேசி எண் நீலப் பெயின்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பகுதிக்கு வந்துபோன ஏட்டு தன் சொந்த எண்ணையே எழுதச் சொன்னாராம். அவர் மாற்றலாகிப் போய் நாளாகிவிட்டது, ஆனாலும் இந்தத் தெருவிலிருந்து யாராவது அழைத்தால் இன்றும் எடுக்கிறார், தான் இப்போது அங்கே இல்லை என்று சொல்லி நிலைய எண்ணைத் தருகிறார் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அந்த எண் பகுதிக்கு உரியதாக இருக்க வேண்டும். ஆள் மாறினால் புதியவர் கைக்கு அந்த சிம் கார்டு போக வேண்டும். தூணில் எழுதியதை அழிக்க வேண்டியிருக்காது.