எல்டன் ரிங் பிசியில் ஏன் திக்குகிறது? நீண்ட நாள் ஆடிப் பார்த்த பிறகு எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை

எல்டன் ரிங் 2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்தது. அன்று பிசியில் இருந்த திக்கலில் (ஸ்டட்டர், அதாவது படம் ஒரு கணம் உறைந்து நகர்வது) ஒரு பங்கு இன்னும் போகவில்லை. பேட்ச் மேல் பேட்ச் வந்து நிலைமை எவ்வளவோ தேறியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் காத்திருக்கிறது. இந்த கேமில் வரும் ஸ்டட்டரில் பெரும்பகுதிக்கும் கார்டின் பலத்துக்கும் தொடர்பே இல்லை. செட்டிங்ஸ் எல்லாவற்றையும் 'லோ'வுக்குத் தள்ளிய பிறகும் அப்படியே திக்குகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

முதலில் எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்பதை, பார்ப்பதை நிறுத்துங்கள். இந்த கேம் 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாது. அதாவது ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு செகண்டுக்குள் ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 120 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால்கூட, மீதி நேரத்தில் 52 ஃபிரேம்கள் ஓடிவிடும். மூலையில் இருக்கும் எண் 53 என்று காட்டும், பரவாயில்லையே என்று தோன்றும். கண்ணோ படம் உறைந்து நின்றதைப் பார்த்துவிட்டது. அடியிலிருந்து உருண்டு தப்பும் பட்டனை அந்த நொடியில் அழுத்தியிருந்தால், பாஸ் (பெரிய எதிரி) உங்களை முடித்திருப்பான்.

பார்க்க வேண்டியது ஃபிரேம்டைம் கோடு, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரம். கார்டைக் கண்காணிக்கும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை நிறுவினால், அளவுகளைத் திரையில் காட்டும் ரிவாடியூனரும் கூடவே வரும். மானிட்டரிங் பக்கத்தில் ஃபிரேம்டைமைத் திரையில் காட்டச் சொல்லி, எழுத்தாக அல்லாமல் கிராஃபாக வைத்து, மேல் எல்லையை 50 மில்லிசெகண்ட் என்று கொடுங்கள். கூடவே ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு, விரேம் (கார்டின் மெமரி), ரேம், சிபியுவின் ஒவ்வொரு கோர் என்று நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பாதையில் இருமுறை குதிரை ஓட்டிப் பாருங்கள். கேட்ஃபிரண்ட் இடிபாடுகளில் தொடங்கி அகீல் ஏரியைச் சுற்றி வருவது நல்ல சோதனைப் பாதை: புல், தண்ணீர், எதிரிக் கூட்டம், டிராகன் எல்லாம் அதில் இருக்கிறது. முதல் சுற்றை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். காரணம் கீழே வருகிறது. இரண்டாவது சுற்றில் கோடு எந்த வடிவத்தில் குதிக்கிறது என்பதுதான் நோயைச் சொல்லும்.

முதல்முறை மட்டும் குதித்து, அதே இடத்தில் இரண்டாம் முறை குதிக்காமல் போனால் அது ஷேடர். இந்த கேம், கேமும் கார்டும் பேசிக்கொள்ளும் விண்டோஸ் அடுக்கான டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடுகிறது. ஒரு மந்திரத்தின் ஒளியோ, நெருப்போ, புது வகைப் பாறையோ முதன்முதலாகத் திரைக்கு வரும்போது, அதை வரைவதற்கான ஷேடர் நிரலை உங்கள் கார்டுக்குப் புரியும் மொழிக்கு டிரைவர் அந்த இடத்திலேயே மாற்ற வேண்டியிருக்கிறது. கன்சோலில் எல்லோரிடமும் ஒரே சிப் என்பதால் மாற்றி வைத்ததையே கேமோடு அனுப்பிவிடுகிறார்கள். பிசியில் சில கேம்கள் தொடக்கத்தில் 'ஷேடர் கம்பைல் ஆகிறது' என்று ஐந்து நிமிடம் உட்காரவைக்கும். எரிச்சலாக இருந்தாலும் அது நல்லதற்கு. எல்டன் ரிங் அப்படி எதுவும் செய்வதில்லை. சண்டைக்கு நடுவில்தான் கம்பைல் நடக்கிறது.

ஒருமுறை மாற்றியதை டிரைவர் ஷேடர் கேஷ் என்று டிஸ்கில் சேமித்து வைக்கும். அந்தச் சேமிப்பைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் இருக்கும் மருந்து. என்விடியா கார்டு என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ், அதில் குளோபல் பகுதி, ஷேடர் கேஷ் சைஸ். டிரைவர் டிஃபால்ட் என்று இருப்பதை 10 ஜிபி ஆக்குங்கள். பல கேம் ஆடுபவர், சி டிரைவில் இடமும் இருக்கிறது என்றால் அன்லிமிடெட். ஏஎம்டி அட்ரினலினில் அளவை மாற்றும் வசதி இல்லை. 'ரீசெட் ஷேடர் கேஷ்' என்ற பட்டன்தான் உண்டு. திக்குகிறது என்று அதை அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். அழுத்தினால் சேர்த்து வைத்ததெல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து திக்கும். டெக்ஸ்சர் உடைந்து தெரிவது, கேம் கிராஷ் ஆவது போன்ற கோளாறுகளுக்கு மட்டுமே அந்தப் பட்டன். விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பிலும் 'டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்' என்று ஒரு டிக் இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள். கணினியைச் 'சுத்தம்' செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

டிரைவரைப் புதுப்பித்தாலும் பழைய கேஷ் செல்லாமல் போகும். மாதாமாதம் புது டிரைவர் போட்டுவிட்டு, 'புது டிரைவரில் ஸ்டட்டர் கூடிவிட்டது' என்று முடிவுகட்டுவது இதை மறந்துதான். நன்றாக ஓடும் டிரைவரை வலுவான காரணம் இல்லாமல் தொடாதீர்கள். போட்டே ஆகவேண்டும் என்றால், அன்றைக்கு நேராக பாஸ் அறைக்குள் நுழையாமல், உங்கள் கையிலிருக்கும் மந்திரங்கள், ஆஷ் ஆஃப் வார் (ஆயுதத் திறன்), ஸ்பிரிட் ஆஷ் (துணைக்கு அழைக்கும் ஆவிகள்) எல்லாவற்றையும் வெளியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். கேமின் மையத் தங்குமிடமான ரவுண்ட்டேபிள் ஹோல்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் ஷேடர் மேல் போடவும் முடியாது. கேம் வெளியான சில நாட்களிலேயே, லினக்ஸில் ஓடும் தன் கையடக்கக் கணினியான ஸ்டீம் டெக்குக்காக வால்வ் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அங்கே ஷேடர்கள் முன்கூட்டியே டவுன்லோடாக வந்துவிடுகின்றன. அப்படியும் மீந்திருந்த பெரிய திக்கல்களுக்குக் காரணம் வேறு என்று வால்வின் பியர்-லூப் கிரிஃபே விளக்கினார்: சில இடங்களில் கேம் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான கமாண்ட் பஃபர்களை (கார்டுக்கு அனுப்பும் கட்டளைத் தொகுப்புகளை) உருவாக்குகிறது, மெமரி மேலாளர் அதில் திணறிப்போகிறது. டைரக்ட்எக்ஸ் 12-ஐ லினக்ஸுக்குப் புரியும் வல்கனுக்கு மாற்றித் தரும் புரோட்டான் அடுக்கில் அந்த ஒதுக்கீடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் செய்ததும் அங்கே திக்கல் வெகுவாகக் குறைந்தது. விண்டோஸுக்காக எழுதிய கேம் விண்டோஸைவிட லினக்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடிய வேடிக்கை இப்படித்தான் நடந்தது. கேமில் வரும் குதிரையான டாரன்ட் மேல் வேகமாகப் போகும்போது அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் கோடு குதித்தால், அது இந்த வகையைச் சேர்ந்தது, அல்லது டிஸ்கிலிருந்து நிலப்பரப்பு ஏறும் தாமதம். இரண்டாவதைத்தான் நம்மால் சரிசெய்ய முடியும். கேம் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஸ்டீமில் கேமின் பிராபர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர். சுமார் 60 ஜிபி வேண்டும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே போதும், என்விஎம்இ-க்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. ஆன்டிவைரஸில் கேம் ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் இதோடு செய்ய வேண்டிய வேலை.

அடுத்த வகைதான் விசித்திரம். சும்மா நின்றாலும் ஓடினாலும், சில நொடிகளுக்கு ஒருமுறை ஊசி குத்தினாற்போல் கோடு எழும். ஜிபியு பாதி வேலைகூடச் செய்துகொண்டிருக்காது. இங்கே குற்றவாளி பெரும்பாலும் யுஎஸ்பியில் செருகியிருக்கும் ஏதோ ஒன்று, அல்லது அதைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சாஃப்ட்வேர் டிவைசஸ் பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் டிவைஸ் அசோசியேஷன் ரூட் எனுமரேட்டர்' என்பதை ரைட் கிளிக் செய்து டிஸேபிள் பண்ணுவது பரவலாகப் பேசப்பட்ட மருந்து. வினோதமாகத் தோன்றினாலும் பல கணினிகளில் இது உண்மையாகவே வேலை செய்கிறது. சிலவற்றில் துளி மாற்றமும் இல்லை. முடக்கிய பிறகு ஏதாவது சாதனம் தகராறு செய்தால் அதே இடத்தில் எனேபிள் செய்துவிடலாம்.

மவுஸ் மென்பொருளை இன்னும் அதிகமாகச் சந்தேகப்படலாம். 2024 ஜூனில் கேமின் கூடுதல் பாகமான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வந்தபின் ஃபிரேம்ரேட் புகார்கள் குவிந்தபோது, மவுஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்கள் காரணமாக இருக்கலாம், அவற்றை நிறுத்திப் பாருங்கள் என்று கேமின் பேட்ச் குறிப்பிலேயே சொன்னார்கள். ஆர்ஜிபி விளக்குகளை ஆட்டிவைக்கும் மென்பொருளுக்கும் இதே சோதனைதான். டாஸ்க் பாரில் மூடினால் மட்டும் போதாது, பின்னணி சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட்அப்பிலும் சர்வீசஸிலும் நிறுத்தி, கணினியை மறுபடி தொடங்குங்கள். மவுஸின் போலிங் ரேட் (செகண்டுக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்புகிறது என்பது) 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தால் 500-க்கு இறக்குங்கள். கன்ட்ரோலர் ஒன்றைத் தவிர மற்ற யுஎஸ்பிகளைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

அதே பேட்ச் குறிப்பில், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கையும் சொல்லியிருந்தார்கள்: நீங்கள் போடாமலேயே ஆனாகி இருக்கலாம், பார்த்து அணையுங்கள் என்று. 2023 மார்ச்சில் 1.09 பேட்சோடு வந்த வசதி இது. நிழலையும் மூலை இருட்டையும் கொஞ்சம் மெருகேற்றும். அதற்குப் பிடுங்கும் விலை அநியாயம். நல்ல கார்டு வைத்திருப்பவர்களும் அணைத்து வைக்கலாம், இழப்பு ஒன்றும் பெரிதில்லை.

கோடு தட்டையாக இருக்கிறது, ஆனாலும் கேமராவைத் திருப்பினால் படம் நடுங்குகிறது என்றால் கேமைத் திட்டாதீர்கள், மானிட்டரைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஃபிரேம் காட்டினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 2.4 ரெஃப்ரெஷ் வரவேண்டும். அரைகுறையாகக் காட்ட முடியாதே, அதனால் சில ஃபிரேம்கள் இரண்டு முறை, சில மூன்று முறை. 13.9 மில்லிசெகண்டும் 20.8 மில்லிசெகண்டும் மாறி மாறி வந்தால் கண் உறுத்தத்தான் செய்யும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் 120 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை வரும். 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் 60-க்கு இறக்குங்கள். 165 இருந்தாலும் 120 கிடைக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரின் ரெஃப்ரெஷை ஃபிரேமுக்கு ஏற்ப மாற்றும் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் உண்மையிலேயே இயங்கினால் இந்தப் பிரச்சினை எழாது. பெட்டியில் எழுதியிருப்பதும் செட்டிங்ஸில் ஆனாக இருப்பதும் ஒன்றல்ல. செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தை அதிகம் பேர் செய்வதில்லை.

ஆட ஆட மோசமாகிக்கொண்டே போனால் மெமரி அல்லது சூடு. குறைந்தபட்சத் தேவையே 12 ஜிபி ரேம், பரிந்துரை 16. எட்டு ஜிபியில் ஓட்டினால் விண்டோஸ் டிஸ்கைக் கடனுக்குப் பிடிக்கும், எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி மேல், அதுவும் மதர்போர்டு சொல்லும் சரியான ஸ்லாட்டுகளில். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்) ஆனாக இருக்கட்டும். 4 ஜிபி விரேம் கார்டுகளில் டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பவர் மோட் பெஸ்ட் பெர்ஃபாமன்ஸில் இருக்க வேண்டும். வன்பொருளைக் கண்காணிக்கும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில், சூட்டால் வேகம் குறைவதைக் காட்டும் 'தெர்மல் த்ராட்லிங்' வரியில் 'யெஸ்' என்று வருகிறதா பாருங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஆடுபவர்களுக்கு இது வந்தே தீரும். கேம் ஒட்டுமொத்தமாக 15, 20 எஃப்பிஎஸ்ஸில் தவழ்ந்தால், லேப்டாப்பின் உள்ளமை கிராபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸின் கிராபிக்ஸ் பக்கத்தில் கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' கொடுங்கள்.

கிராபிக்ஸ் செட்டிங்ஸைக் குறைப்பது எப்போது பலன் தரும்? ஜிபியு பயன்பாடு 97, 99 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும். அப்போது புல், நிழல், வால்யூமெட்ரிக் (மூடுபனி, ஒளிக்கற்றை) இந்த மூன்றையும் முதலில் இறக்குங்கள். ஜிபியு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்கும்போது திக்கினால் அங்கே கை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, படம்தான் அசிங்கமாகும்.

இணையத்தில் சுற்றும் மற்ற மருந்துகளில் பலவற்றைத் தவிர்க்கலாம். விண்டோஸின் கன்ட்ரோல் ஃப்ளோ கார்டை எல்டன்ரிங் நிரலுக்கு மட்டும் அணைப்பது சிலருக்கு உதவுவதாகச் சொல்கிறார்கள். அது ஒரு பாதுகாப்புச் சுவர் என்பதால் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், கணினி முழுமைக்கும் அணைக்கவே வேண்டாம். ரேம் கிளீனர், ரெஜிஸ்ட்ரி ஃபைல் போன்றவை வெறும் மன ஆறுதல். 60 எஃப்பிஎஸ் பூட்டை உடைக்கும் மாட்களுக்கு (mod, ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள்) ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான ஈஸி ஆன்டி-சீட்டை நிறுத்தியாக வேண்டும், பிறகு ஆஃப்லைனில் மட்டுமே ஆட முடியும். அதை வைத்துக்கொண்டு ஆன்லைன் போக முயன்றால் தடை விழும். எதைச் செய்வதற்கு முன்னும் ஆப்டேட்டாவின் ரோமிங்குக்குள் இருக்கும் எல்டன்ரிங் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். சேவ் ஃபைல் அதில்தான் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு அதே பாதையில் குதிரை.

இத்தனையும் செய்த பிறகு மிஞ்சுவது, திறந்தவெளியில் வேகமாகப் போகும்போது எப்போதாவது வரும் சிறு குதிப்பு. அது கேமின் உள்ளேயே இருக்கிறது, வன்பொருளால் தீராது. லெகஸி டஞ்சன்களில் (கோட்டை போன்ற பெரிய மூடிய பகுதிகளில்) கிட்டத்தட்ட தெரிவதே இல்லை. 2025 மே 30 அன்று தனி கேமாக வந்த எல்டன் ரிங் நைட்ரெய்னும் பிசியில் இதே 60 பூட்டோடுதான் வந்தது. 120 ஹெர்ட்ஸ் கணக்கும் மவுஸ் மென்பொருள் சோதனையும் அதற்கும் அப்படியே பொருந்தும். ஷேடர் கேஷ் மட்டும் அதற்குத் தனி, எல்டன் ரிங்கில் நீங்கள் சேர்த்து வைத்தது அங்கே செல்லாது.