செட்டிரிசினா, லோராடடினா, ஃபெக்சோஃபெனடினா? குழந்தையின் உடலே சொல்லும் பதில்

குழந்தைகளுக்கான ஒவ்வாமை மருந்துகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது, மருந்து எந்த வழியாக உடலைவிட்டு வெளியேறுகிறது என்பதைத்தான். செட்டிரிசினைப் பெரும்பாலும் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. லோராடடினைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்றுகிறது. ஃபெக்சோஃபெனடின் பெரும்பகுதி அப்படியே மலத்தோடு போய்விடுகிறது.

செட்டிரிசின்

ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறையும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். செட்டிரிசினுக்கு அது பெரியவர்களிடம் சுமார் 8 மணி நேரம். 7 முதல் 12 வயதில் 6 மணி, 2 முதல் 5 வயதில் 5 மணி, 6 முதல் 23 மாதக் குழந்தையிடம் 3 மணி நேரம்தான். உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், பச்சிளம் பருவம் தாண்டிய குழந்தையின் உடல் இந்த மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாகக் கழித்துவிடுகிறது. காலையில் கொடுத்த 2.5 மி.கி. இரவுக்குள் வலுவிழந்து அரிப்பு திரும்புவது இதனால் இருக்கலாம். ஒரு வயது கடந்த குழந்தைக்கு மருத்துவர் 2.5 மி.கி. இருவேளை எழுதுவதும் இதற்காகத்தான். பெற்றோர் தாமாகவே இன்னொரு வேளை சேர்க்கக் கூடாது.

சாப்பாட்டோடு கொடுத்தால் உறிஞ்சப்படும் மொத்த அளவு குறையாது, உச்ச அளவை எட்டுவதுதான் தாமதமாகும். திடீர்த் தடிப்புக்கு வேகம் வேண்டும் என்றால் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தைக்கு இது முதல் தேர்வல்ல, மருந்து தேங்கிவிடும்.

லோராடடின்

இது கல்லீரலில் டெஸ்லோராடடினாக மாறி, அதன் வழியாகவே பெரும்பாலும் வேலை செய்கிறது. லோராடடினின் அரை ஆயுள் பெரியவர்களிடம் சுமார் 8 மணி, மாறிய பொருளுக்கோ சுமார் 28 மணி. ஒரு வேளை தவறினாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் சிலருடைய உடல் டெஸ்லோராடடினை மிக மெதுவாகவே சிதைக்கும். அவர்களிடம் அரை ஆயுள் 50 மணியையும் தாண்டும். எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மருந்துகளும் லோராடடினின் அளவை உயர்த்துகின்றன. வழக்கமான அளவு 2 முதல் 5 வயதுக்கு 5 மி.கி., அதற்கு மேல் 10 மி.கி., நாளுக்கு ஒரு முறை. தூக்கக் கலக்கம் செட்டிரிசினைவிடக் குறைவு. வாரக்கணக்கில் நீளும் தும்மலுக்கு எங்கள் தேர்வு இதுதான். உடனடித் தடிப்புக்கு அல்ல.

ஃபெக்சோஃபெனடின்

தூக்கம் வரவழைப்பது மூன்றிலும் குறைவு. ஆனால் குடலில் இதை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்களை ஆப்பிள், ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற பழம்) சாறுகள் தடுக்கின்றன. கசப்பை மறைக்கச் சாற்றில் கலந்து கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீரோடு மட்டுமே கொடுங்கள். அலுமினியம், மக்னீசியம் கலந்த அமிலநீக்கியைச் சேர்த்துக் கொடுத்தாலும் உறிஞ்சுதல் ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். 2 முதல் 11 வயதுக்கு 30 மி.கி., இருவேளை.

பழைய தலைமுறை மருந்துகளுக்கு இந்த ஒப்பீட்டில் இடம் குறைவு. ஹைட்ராக்சிசின், டைஃபென்ஹைட்ரமின் இரண்டும் குழந்தை உடலில் வேகமாகக் கழிந்தாலும் மூளைக்குள் நுழைந்துவிடுகின்றன. தூங்க வைப்பதற்குப் பதில் சில பிள்ளைகளைத் துள்ளிக் குதிக்க வைப்பதும் உண்டு. புரோமெத்தசின் 2 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது, மூச்சு ஒடுங்கும் ஆபத்து உள்ளது.

தவறு எங்கே நடக்கிறது

பெரும்பாலும் புட்டியில். செட்டிரிசின் சிரப் பொதுவாக 1 மி.லி.க்கு 1 மி.கி.; சொட்டு மருந்திலோ 1 மி.லி.க்கு 10 மி.கி. இருப்பதுண்டு. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் 2.5 மி.லி. ஊற்றினால் அது பத்து மடங்கு. செட்டிரிசினின் நெருங்கிய உறவான லெவோசெட்டிரிசின் பாதி அளவிலேயே அதே வேலையைச் செய்யும் என்பதால், மி.கி. எண்ணை அப்படியே மாற்றி எழுதினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். சமையலறைக் கரண்டி வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள்.

இன்னொன்று. ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனை இருந்தால், செட்டிரிசின் ஒரு நாளில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுமே என்று முந்தைய நாள் மட்டும் நிறுத்தினால் போதாது. தோலில் அதன் விளைவு ரத்த அளவைவிட நீண்டு நிற்கும். பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.