பதினோரு ஐப்பசி கண்ட செம்பு பாய்லர்

2014 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் செம்பு வெந்நீர் பாய்லர் ஒன்று வாங்கினேன். இருபது லிட்டர் பிடிக்கும். எடை போட்டுத்தான் விலை சொன்னார்கள். ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் அதன் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இந்த ஐப்பசியோடு பதினோரு மழைக்காலம் அதில் தண்ணீர் காய்ச்சியாகிவிட்டது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்குச் சொல்ல இப்போது நிறையவே இருக்கிறது.

எங்கள் ஊர் விரிஞ்சிபுரத்துக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரே கை வைக்க முடியாமல் சுடும், வெந்நீர் என்ற பேச்சே வராது. ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சும்மாவா சொன்னார்கள். அந்த இரண்டு மாதத்துக்கும் பழந்தமிழில் கூதிர் என்று பெயர். கூதல் என்று நாம் சொல்கிற அதே குளிர்தான். சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும், துணி மூன்று நாளானாலும் காயாது, விடியற்காலையில் மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வரும். அந்த நேரத்தில் புழக்கடையில் பாய்லர் எரிகிற வாசம் வந்தால், நான் எட்டு வயதுப் பையனாக இருந்த வீடு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது.

அந்த வீட்டில் ஆயாவின், அதாவது என் பாட்டியின், பாய்லர் இருந்தது. அதில் திருகுகிற குழாய் கிடையாது, பக்கத்தில் ஒரு மூக்கு மட்டும். மேலே இருக்கிற புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது உள்ளே அடிவரைக்கும் போய், மேலே நிற்கிற சூடான தண்ணீரைத் தள்ளும். மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வந்துவிடும். ஊற்றினால்தான் வரும், ஊற்றாவிட்டால் வராது. அதனால் அது காலியாகவே ஆகாது. யார் யோசித்து வைத்தார்களோ, அவ்வளவு நல்ல யோசனை. 1998இல் மாடி கட்டியபோது கீசர் மாட்டினோம். பாய்லர் பழைய செம்பு விலைக்கு எடைக்குப் போனது. ஆயா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் தராசில் வைத்தபோது மட்டும், உள்ளே மிச்சமிருந்த சாம்பலை முந்தானையை விரித்துத் தட்டி வாங்கிக்கொண்டார். பாத்திரம் தேய்க்க ஆகுமாம்.

நான் வாங்கியது குழாய் வைத்தது. மூக்கு வைத்தது கேட்டேன், அந்தக் கடையில் இல்லை. அந்தக் குழாயால் வந்த பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

வேலை செய்கிற விதம் ரொம்ப எளிமை. உருளையின் நடுவே ஒரு புகைக்குழல் கீழிருந்து மேல் வரைக்கும் போகிறது. குழலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அடியில் கம்பிச் சல்லடை மேல் நெருப்பு, அதற்குக் கீழே சாம்பல் தட்டு. அனல் வெளியே போகிற வழியே தண்ணீரின் நடுவில்தான் இருக்கிறது, அதனால் சூடு வீணாவது குறைவு. குழல் சூடேறியதும் காற்றைத் தானே கீழிருந்து இழுத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் ஊதினால் போதும், அப்புறம் அதன் பாட்டுக்கு எரியும். செம்பு, எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். எவர்சில்வர் பாய்லரும் கடையில் இருந்தது, விலையும் குறைவு. செம்பையே வாங்கியதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

இருபது லிட்டர் தண்ணீர் எனக்கு இருபத்தைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் குளிக்கிற சூட்டுக்கு வந்துவிடுகிறது. மேல் பாத்ரூமில் இருக்கும் கீசரும் அதே தண்ணீருக்குக் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுக்கிறது. கீசருக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மின்சாரம் ஆகும். காசு மிச்சமாகும் என்று நினைத்து யாரும் பாய்லர் வாங்க வேண்டாம். கிராமத்தில் விறகு சும்மா கிடைக்கிறவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு சரிவரும்.

விறகு என்றால் நல்ல கட்டையாகத் தேடவும் வேண்டாம். எங்கள் வீட்டில் எரிவது கொட்டாங்குச்சி, தென்னை மட்டை, பன்னாடை, காய்ந்த சீமைக் கருவேலக் குச்சி. பற்றவைக்கப் பன்னாடை, நின்று எரியக் கொட்டாங்குச்சி. ஆறேழு கொட்டாங்குச்சியும் இரண்டு மட்டைத் துண்டும் ஒரு தடவைக்குப் போதும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்த தோலையும் போடலாம், ஆனால் அள்ளிப் போட்டால் காற்று அடைத்துப் புகைதான் வரும். பிடி பிடியாகத் தூவ வேண்டும். அம்மாவுக்கு அது கைவந்த கலை. நான் போட்டால் அணைந்துவிடும். “கண்ணு, நெருப்புக்கு மூச்சு விட எடம் குடு” என்பார்.

மழைக்காலத்தில்தான் பாய்லர் தேவை, அப்போதுதான் விறகும் நனைந்திருக்கும். இது பெரிய குறைதான். முதல் இரண்டு வருடம் இதனால் ரொம்பவே சிரமப்பட்டேன். இப்போது ஆவணியிலேயே மட்டைகளை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, படிக்கட்டுக்கு அடியில் அடுக்கிவிடுகிறேன். கொட்டாங்குச்சி சாக்கில் கட்டி மேலே. மாதக் கணக்காகக் காய்ந்த மட்டைக்கும் ஒரு வாரம் காய்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் புகையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தீபாவளி விடியலைப் பற்றிச் சொல்லாமல் இந்த பாய்லரைப் பற்றி எழுதவே முடியாது. நாலு மணிக்கு அம்மா எழுந்து பற்றவைப்பார். மழை பெய்கிற தீபாவளிதான் எங்கள் பக்கம் அதிகம். தகர ஷீட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தம், அடியில் நெருப்பு படபடக்கிற சத்தம், இரண்டும் சேர்ந்து கேட்கும். ஒவ்வொருத்தராகத் தூக்கக் கலக்கத்தோடு வந்து பாய்லரைச் சுற்றி உட்கார்வோம். நெருப்பு வெளிச்சம் சாம்பல் தட்டின் இடுக்கு வழியாக விழுந்து, எல்லோருடைய பாதமும் மட்டும் சிவப்பாகத் தெரியும். உச்சியில் எண்ணெய் வைத்துவிட்டு, தண்ணீர் காய்கிற வரைக்கும் வேறு வேலை கிடையாது. அந்த அரை மணி நேரம் யாரும் போன் பார்ப்பதில்லை, கையெல்லாம் எண்ணெய். பேச்சு ஆயாவிலிருந்து ஆரம்பிக்கும். என் மகள் தன் கொள்ளுப்பாட்டியைப் பார்த்ததே இல்லை. ஆனால் சாம்பலை முந்தானையில் வாங்கிய கதை அவளுக்கு மனப்பாடம். கீசர் சுவரில் மாட்டியிருக்கிறது, அதைச் சுற்றி யார் போய் உட்கார்வார்கள்?

குளித்து முடித்ததும் பாய்லர் அடியிலிருந்து தணலை அள்ளித் தூபக்காலில் போட்டு, சாம்பிராணி தூவி, தலையைக் காயவைப்பார்கள். அந்தத் தண்ணீருக்கும் ஒரு லேசான புகை வாசம் இருக்கும், சோப்பு போட்டாலும் முழுதாகப் போகாது. நோன்புக்கு அதிரசம் சுட அடுப்பு தனி. ஆனால் நோன்புச் சாமான் எல்லாம் தேய்ப்பது இந்தச் சாம்பலில்தான். மிச்சத் தணலில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டால், ஒன்பது மணிக்குத் தோல் கருகி, உள்ளே மஞ்சளாக வெந்து இருக்கும்.

சரி, அந்தக் குழாய் விஷயம். 2016 கார்த்திகையில் வீடு நிறைய விருந்தாளிகள். குழாய் அடியோடு ஒட்டி இருந்ததால், யாரோ கடைசிச் சொட்டு வரைக்கும் பிடித்துவிட்டார்கள். கீழே நெருப்பு எரிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் இல்லாத பாய்லரில் சூடு போவதற்கு வேறு இடமில்லை. குழாய் பொருந்துகிற இடத்தில் ஈயப் பற்று இளகி, வெள்ளியாக ஒரு கோடு வழிந்து நின்றது. அவசரத்தில் நான் பச்சைத் தண்ணீரை ஊற்றப் போனேன். அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். முதலில் நெருப்பை இழுத்துப் போட்டு, தானாக ஆறவிட்டோம்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு ஈயம் பூசுகிற ஒரு பெரியவரிடம் போனேன். உருளையைக் கவிழ்த்து, விரல் மடக்கித் தட்டி, சத்தம் கேட்டார். “செம்புக்கு ஒன்னும் இல்ல நைனா, பத்து மட்டும்தான் வுட்டிருக்குது” என்றார். நவச்சாரத்தைத் தொட்டுத் தேய்த்ததும் வெள்ளையாகப் புகை வந்தது, மூக்கைச் சுரீரென்று அறுக்கிற வாசம். அப்புறம் அவராகவே ஒரு வேலை செய்தார். பழைய ஓட்டையை அடைத்துவிட்டு, குழாயை நாலு விரல் மேலே ஏற்றி வைத்தார். இனி எவ்வளவு திறந்தாலும் அடியில் நாலு லிட்டர் தண்ணீர் நிற்கும். இருபதில் பதினாறுதான் கைக்கு வரும், ஆனால் வறண்டு போகாது. ஆயாவின் மூக்கு பாய்லரில் இருந்த அதே பாதுகாப்பு, வேறு வழியில் வந்து சேர்ந்தது. இருநூறு ரூபாய் வாங்கினார். இத்தனை வருடத்தில் பெரிய ரிப்பேர் என்றால் அது ஒன்றுதான். கம்பிச் சல்லடை துருப்பிடித்து இரண்டு தடவை வெல்டிங் கடையில் மாற்றியிருக்கிறேன். குழாய்க்கு வாஷர் அவ்வப்போது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கீசருக்குள் இருக்கும் சூடேற்றுகிற கம்பிச்சுருள் உப்புப் படிந்து இரண்டு தடவை போய்விட்டது, இரண்டு தடவையும் ஆள் வரக் காத்திருந்தோம். பாய்லரிலும் உப்பு படியத்தான் செய்கிறது. மூடியைத் திறந்து, கெட்டியாகப் புளி கரைத்து ஊற்றி ஓர் இரவு வைத்தால், காலையில் பொருக்குப் பொருக்காகக் கழன்று வரும். வெளியே தேய்க்கவும் புளியும் உப்பும்தான். மார்கழி, தை குளிர் விட்டதும் தண்ணீரை வடித்து, வெயிலில் காயவைத்து, கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும். இந்தத் தண்ணீர் குளிக்க மட்டும்தான், குடிக்கவோ சமைக்கவோ எடுப்பதில்லை.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மணலையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த இரைச்சலே பயமாக இருந்தது. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் மழைத் தண்ணீரைத் தவலையில் பிடித்து, பாய்லரில் ஊற்றிக் காய்ச்சினோம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும், எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் படிக்கட்டு அடி விறகு காப்பாற்றியது.

இன்னொரு காலையும் மனதில் நிற்கிறது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கார்த்திகைக் கடை ஞாயிறு விசேஷம். குழந்தை வேண்டுகிற பெண்கள் நடு இரவில் சிம்மக் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு கோயிலில் படுத்துக் கிடப்பார்கள். 2017இல் என் சித்தி மகள் வந்திருந்தாள். விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது, பல் தந்தியடித்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, பாய்லர் பக்கத்தில் மணையைப் போட்டு உட்காரவைத்தார். அவள் இரண்டு உள்ளங்கையையும் செம்பு மேல் வைக்கப் போக, அம்மா நடுவில் ஈரத் துண்டை மடித்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னது, “பெரிம்மா, ஆயா வீட்டு வாசம் வருது.”

குறைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி வீட்டுக்கு இது ஆகவே ஆகாது. மூடிய குளியலறைக்குள் வைத்து எரிக்கக் கூடாது, புகை மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவும் சேரும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் வீசிங் இருப்பவர்கள் இருந்தால் வேண்டாம். என் அக்கா வருகிற நாளில் நாங்கள் பற்றவைப்பதே இல்லை. ஓடியாடுகிற சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில், பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருந்தே ஆக வேண்டும். தினமும் எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர் வார நாளில் இதை நம்ப முடியாது. நானே திங்களிலிருந்து வெள்ளி வரை கீசர்தான். சனி, ஞாயிறு, பண்டிகை, கரண்ட் போன நாள், அப்புறம் சும்மா மனசுக்கு வேண்டியிருக்கிற நாள், இவைதான் பாய்லருக்கு.

வாங்குவதென்றால் மூக்கு வைத்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். குழாய் வைத்ததுதான் கிடைத்தால், அது அடியிலிருந்து நாலு விரலாவது மேலே இருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தட்டிப் பாருங்கள், தகடு மெலிந்திருந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். கை உள்ளே போகிற அளவுக்கு மூடி அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பைச் சுரண்ட முடியாது.

இந்த வருடமும் மட்டை வெட்டி அடுக்கியாகிவிட்டது. போன வாரம் வாஷர் மாற்றினேன். நேற்று மகள் தானாகவே புளி கரைத்து, அரை நாள் உட்கார்ந்து தேய்த்தாள். புகைக்குழலின் வாயோரம் மட்டும் கருப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன் என்றாள். அம்மா உள்ளேயிருந்து, “அது போவாது, வுட்டுடு” என்றார்.