கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஒரு காலநிலைச் செயலமர்வு: ஆசிரியர் பார்வையில்

கொழும்பில் இயங்கும் தன்னார்வ அமைப்பொன்று, அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 9 முதல் 11 வரை கற்கும் மாணவர்களுக்காகக் காலநிலை மாற்றம் பற்றிய ஒருநாள் செயலமர்வைக் கட்டணமின்றி நடத்தி வருகிறது. முதலில் வகுப்பறை அமர்வு. அதைத் தொடர்ந்து கோட்டேயிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவில் கள அமர்வு. எமது பாடசாலையில் நடந்ததை முழுமையாகப் பார்த்தவன் என்ற வகையில், குறைகளோடும் இது அழைக்கத் தக்கது என்றே சொல்வேன்.

இதன் பெரும் பலம், பாடம் மாணவரின் ஊரிலிருந்து தொடங்குவதாகும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்ததை எம் மாணவர் பலரின் குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன. வளவாளர் அந்த வெள்ளத்தைப் பற்றி அவர்களையே பேசவிட்டு, அதன் பிறகுதான் அறிவியலுக்கு வந்தார். வளிமண்டலம் ஒரு பாகை செல்சியஸ் வெப்பமடையும்போது அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைக் கொள்ளக்கூடியதாகிறது என்பதையும், அதனால் மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் அவர் விளக்கியபோது, வகுப்பில் ஒருவரும் கவனம் சிதறவில்லை. பின்னர் ஒரு தட்டில் பஞ்சும் மண்ணும், மற்றொன்றில் பிளாஸ்டிக் விரிப்பும் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு நீரை ஊற்றி, வழிந்தோடும் நீரை மாணவர்களைக் கொண்டே அளக்கச் செய்தார்.

அந்தத் தட்டுகளின் பொருள், அதாவது சதுப்பு நிலம் பஞ்சைப் போல மழைநீரை உள்வாங்குகிறது என்பது, பெத்தகானவில் முழுமையாக விளங்கியது. ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகர அங்கீகாரத்தை 2018இல் உலகிலேயே முதன்முறையாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று என்பதும், மீன்பிடிப் பூனைகள் இந்நகரின் சதுப்புகளில் இன்னும் வாழ்கின்றன என்பதும் மாணவர்களுக்குப் புதிய செய்திகள். 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளாகமே வெள்ளத்துக்குள்ளானதை நினைவூட்டி, சதுப்புகளை மண்ணிட்டு நிரப்பினால் அந்த நீர் எங்கே போகும் என்று வளவாளர் கேட்டார். அக்கேள்வியைப் பற்றி மாணவர்கள் திரும்பும் வழியெல்லாம் விவாதித்தார்கள்.

குறைகளில் முதன்மையானது மொழி. வளவாளர் தெளிவான தமிழில் பேசினார். ஆனால் திரையில் காட்டப்பட்டவை ஆங்கிலத்தில் இருந்தன. செயல்நூலின் தமிழோ, இரண்டு முறை வாசித்தாலும் பொருள் பிடிபடாத மொழிபெயர்ப்பு. தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளை இதை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? இறுதிப் பகுதியும் திருப்தி தரவில்லை. பொலித்தீன் பாவனையைக் குறைப்பது நல்ல பழக்கம்தான். ஆயினும் அதையே காலநிலை மாற்றத்துக்குரிய பிரதான தீர்வாக முன்வைத்து, நிலக்கரி, எரிபொருள், போக்குவரத்து ஆகியவற்றை ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிட்டார்கள்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அழைக்கும் பாடசாலைக்கு மட்டுமே இந்தச் சேவை போய்ச் சேர்கிறது. அக்கறையுள்ள அதிபரோ ஆசிரியரோ இல்லாத இடத்துப் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. க.பொ.த. சாதாரண தரத்தில் புவியியல் விருப்பத் தெரிவுப் பாடமாக இருப்பதால், தரம் 9க்குப் பிறகு அதைத் தொடாமலே பலர் வெளியேறுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் 2022 செப்டெம்பர் முதல், கலை, உடற்கல்வி உட்படப் பல பாடங்களுக்குள்ளும் காலநிலை மாற்றத்தைக் கட்டாயமாகச் சேர்த்திருக்கிறது. இலங்கையும் ஏற்றுக்கொண்ட பாரிஸ் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை இத்தகைய கல்வியை வளர்க்கும்படி கேட்கிறது. வெள்ளம் வரும் நகரத்தின் அரசாங்கப் பாடசாலைகளில் இது தன்னார்வலரின் நேரத்தையும் நன்கொடையாளரின் பணத்தையும் நம்பியிருப்பது நியாயமன்று. கல்வி அமைச்சு இதைக் கட்டாய பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அதுவரை, அழைக்க விரும்பும் ஆசிரியர்கள் செயல்நூலின் தமிழ்ப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கித் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள். தரம் 9ஐயும் தரம் 11ஐயும் ஒரே அமர்வில் உட்கார வைக்காதீர்கள். பின்னவர்களுக்கு அது மிக எளிதாகிவிடுகிறது. கள அமர்வுக்கு விஞ்ஞான ஆசிரியரோடு புவியியல் ஆசிரியரையும் அழைத்துச் செல்லுங்கள்.