வயர் சென்சார் வெப்பமானி: நீலகிரிக் கீரைப் பாத்திக்கு வாங்கலாமா?

ஊட்டி, தலைகுந்தா பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம் என்பது ஊரறிந்த கணக்கு. கீரை போடுகிறவருக்கு அந்தக் கணக்கு போதாது. குளிர்காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வயல் தப்பிய அதே இரவில் பள்ளத்து வயல் கருகிவிடும். அவரவர் பாத்தியின் உறைபனித் தேதியை அவரவர்தான் அளக்க வேண்டும்.

அதற்குத் தோதானது, குறைந்தபட்ச வெப்பநிலையை நினைவில் வைத்திருக்கும் டிஜிட்டல் வெப்பமானி. திரை வீட்டுக்குள், வயர் நுனியில் இருக்கும் சென்சார் பாத்தியில். சில நூறு ரூபாய்தான். பழைய U வடிவக் கண்ணாடி வெப்பமானியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் பலவற்றில் பாதரசம் இருக்கிறது. உண்ணும் கீரைப் பாத்தியில் அது உடைவதை நினைத்தாலே வேண்டாம் என்றாகிவிடும்.

வாங்கியதும் சோதியுங்கள். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அது நனையுமளவு தண்ணீர். சென்சாரை அதில் விட்டுக் கலக்கி 10 நிமிடம் கழித்துப் பாருங்கள். 0 டிகிரி காட்ட வேண்டும். 1 காட்டினால் ஒவ்வொரு அளவிலும் 1 கழித்துக்கொள்ளுங்கள். இந்த விலைக் கருவிகளில் ஒரு டிகிரி பிசகு சகஜம். திரையில் தெரியும் தசம எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பலர் தவறுவது சென்சாரைக் கட்டும் இடத்தில். கூரையடியிலோ மரத்தடியிலோ கட்டினால் அளவு ஏறிக் காட்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலை தன் சூட்டைத் திறந்த வானத்துக்கு இழப்பதால்தான் உறைபனி படிகிறது. ஆள் உயரத்தில் 3, 4 டிகிரி இருக்கும்போதே தரையோரத்து இலை உறைந்துவிடும். ஆகவே பாத்தி நடுவே ஒரு குச்சி நட்டு, 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மண்ணிலும் இலையிலும் படாமல், மேலே மறைப்பில்லாமல் கட்டுங்கள். அங்கே பகல் வெயிலில் காட்டும் அதிகபட்ச அளவு எதற்கும் உதவாது.

பதிந்த அளவை அழிக்கும் ரீசெட் பொத்தானை விடியலில் அழுத்தாதீர்கள். அப்போதிருக்கும் குளிரே அடுத்த நாள் கணக்கிலும் ஏறிவிடும். காலையில் குறித்துக்கொண்டு, மாலையில் அழுத்துங்கள். பேட்டரி மாற்றினால் நினைவு அழியும். குறித்த பிறகே மாற்றுங்கள்.

மூன்று பருவம் குறித்தால் முதல் உறைபனி நாள் தெளிவாகும். மூன்றில் மிக முந்தியதை எடுங்கள். அது டிசம்பர் 8 என்றால், நட்டபின் 50 நாளில் அறுவடையாகும் லெட்யூஸை அக்டோபர் 19க்குள் நட வேண்டும். 4 வார நாற்றுக்குச் செப்டம்பர் 21 விதைப்பு. அக்டோபர் மழையில் நாற்றழுகல் வரும், மேட்டுப்பாத்தியும் மழை மறைப்பும் அவசியம். குளிர்நாட்டு விதைப்பு அட்டவணைகள் பகல் 10 மணி நேரத்துக்குக் குறைந்தால் வளர்ச்சி நிற்கும் என்று நாள் கூட்டும். ஊட்டியில் மிகக் குறுகிய பகலே சுமார் 11½ மணி நேரம். அந்தக் கூட்டல் இங்கே தேவையில்லை. பாலக் லேசான உறைபனியைத் தாங்கும். தண்டுக்கீரை ஒரே இரவில் போய்விடும், அதைக் கடைசி உறைபனி கழிந்து மண் சூடேறிய பிறகே விதையுங்கள்.

அலாரம் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். அலாரத்தை 0இல் வைக்காமல் 3 டிகிரியில் வையுங்கள். எழுந்து துணி மூட நேரம் கிடைக்கும்.

திரைப் பெட்டிக்குள் ஈரம் புகுவதுதான் இதன் பெரிய குறை. நீர்ப்பனியில் ஓரிரவு வெளியே விட்டாலே எண்கள் மங்கும். சன்னல் வழியாக வயரை மட்டும் வெளியே விடுங்கள். பாத்தி தூரமென்றால் இந்த மாடலை விட்டுவிட்டு, வயரில்லாமல் அளவை அனுப்பும் ரேடியோ சென்சார் உள்ளதை வாங்குங்கள்.